பதினொரு கஜல்களில் பெயர் போடாத இடம்

1

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து. ஒன்று நாற்பது நாளில் போயிற்று. வளர்த்து ஆளாக்கியது நான்கு. ஒன்று டோஹாவில், ஒன்று டொரொன்டோவில், ஒன்று கண்டியில், ஒன்று என்னோடு இங்கே கொழும்பு வெள்ளவத்தையில். யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காமல் வளர்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாணியம்பாடியில் இப்போது என் வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துகொண்டு பேசட்டும்.

நான் ஆம்பூர்ப் பக்கம் தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவள். வாணியம்பாடியில் உருது பேசும் வீட்டுக்கு மருமகளாகப் போனேன். ஆறு மாதத்தில் ராமேஸ்வரத்தில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் கொழும்புக்கு வந்தேன். மூன்றாம் வகுப்பு வரை தமிழ் படித்தேன். உருது காது வழியாக வந்தது, எழுத்து வரவில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ரிஸ்மா இதை எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக மாற்றுகிறாள். மாற்றட்டும், விஷயம் மாறாமல் இருந்தால் சரி.

என் வீட்டுக்காரர் அப்துல் வஹாப். கஜல் எழுதுகிறவர். கஜலில் அவருடைய பெயர் நாதிர். அவர் மவுத்தாகி மூன்று வருடம். மூன்றாம் ஆண்டு நினைவு நாளன்று என் மகன் ஃபாரூக் அவருடைய பழைய நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து, சொந்தக்காரர்கள் எல்லாம் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். "என் தந்தையின் கையெழுத்து, துஆ செய்யுங்கள்" என்று கீழே எழுதினான். ஏன் அந்தப் பக்கத்தைப் போட்டாய் என்று பிறகு கேட்டேன்.

"எழுத்து வடிவா இருந்திச்சு அம்மா. ஃபோட்டோவுக்கு நல்லா வந்திச்சு."

என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. என் நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கும் உருது வாசிக்கத் தெரியாது. சிங்களம் தெரியும், இங்கிலீஷ் தெரியும், டோஹாவில் இருப்பவனுக்கு அரபும் கொஞ்சம் தெரியும். தகப்பன் வாழ்நாள் முழுவதும் எழுதிய பாஷையில் இந்த வீட்டில் மிச்சமிருப்பது 'தாதிமா' என்ற ஒரு சொல். பேரப்பிள்ளைகள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

படம் போன அரை மணி நேரத்தில் ஊரிலிருந்து ஒருவர் எழுதினார்: "இது அன்வர் சாஹிபின் கஜல் ஆயிற்றே!" இன்னொருவர் அன்வர் சாஹிபின் புத்தகத்தில் அதே கஜல் அச்சான பக்கத்தைப் படமாகப் போட்டார். வரிக்கு வரி ஒன்றேதான். ஒரே ஒரு வித்தியாசம். கடைசி வரியில் கவிஞன் பெயர் வரும் இடத்தில், புத்தகத்தில் அன்வர் என்று இருக்கிறது. என் வீட்டுக்காரரின் நோட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

அவ்வளவுதான், பேச்சு கிளம்பிவிட்டது. நாதிர் அதைப் பார்த்தெழுதி, பின்னால் தன் பெயரைப் போட்டுக்கொள்ள இடம் விட்டு வைத்தார் என்று ஒரு கூட்டம். இல்லை, அன்வர்தான் நாதிரிடமிருந்து திருடினார் என்று இன்னொரு கூட்டம். நம் ஊர்க் கவிஞர்களைச் சேர்த்து ஒரு தொகுப்பு வரப்போகிறதாம். அதில் நாதிரை வைப்பதா எடுப்பதா என்று அதை அச்சடிப்பவர்கள் யோசிக்கிறார்களாம். இதெல்லாம் எனக்கு ரிஸ்மா வாசித்துச் சொல்லித்தான் தெரியும். ஃபாரூக் மறைக்கப் பார்த்தான். என் முன்னால் ஃபோனைக் கவிழ்த்து வைக்கிற பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியாதா?

2

கஜல் எழுதுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். இரண்டு இரண்டு வரியாக வரும். அந்த இரண்டு வரிக்கு ஷேர் என்று பெயர். ஒவ்வொரு ஷேரும் ஒரே சொல்லில் போய் முடிய வேண்டும், அதற்கு முன்னால் ஓசை ஒத்த இன்னொரு சொல் வர வேண்டும். கடைசி ஷேரில் கவிஞன் தன் பெயரை வைப்பான். தையற்காரன் சட்டைக் கழுத்தில் துண்டு வைத்துத் தைக்கிற மாதிரி. முஷாயிராவில், அதாவது கவிஞர்கள் கூடி வாசிக்கிற சபையில், பெயர் வந்ததும் கஜல் முடிகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அவர் புறக்கோட்டையில் ஒரு துணி மொத்தக் கடையில் கிளாக். நாங்கள் அப்போது கொட்டாஞ்சேனையில் மேல்வீட்டில் இரண்டு அறையில் இருந்தோம். ஒரு பக்கம் மாதா கோயில் மணி, ஒரு பக்கம் கோயில் மணி, நடுவில் துறைமுகத்துக் கப்பல் ஊதும். இந்தச் சத்தத்துக்குள் அவர் எழுதினார். கடையில் கெஜக்கோலால் மேசையைத் தட்டித் தட்டித்தான் வரியை அளப்பாராம். முதலாளி பல தடவை சத்தம் போட்டிருக்கிறார். வேலை விட்டு நடந்து வரும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவார். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் தங்களிடம்தான் ஏதோ சொல்கிறார் என்று நின்று கேட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்காருவார். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பேன். சொல்வார். நான் தலை நிமிர மாட்டேன். அவர் பார்ப்பது என் கையை. கை நிற்காமல் ஓடினால் அந்த ஷேரை நோட்டில் கோடு போட்டு அடித்துவிடுவார். ஒரு நாள் கை நின்றது. அதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன், தமிழில் சொன்னால் இப்படி வரும்:

கப்பல் போன பிறகும் கையசைத்துக்கொண்டு நிற்கிறேன்.
யாரை வழியனுப்புகிறேன் என்று இந்தக் கடலுக்குத் தெரியாது.

"நின்னுச்சு!" என்று சின்னப் பிள்ளை மாதிரி எழுந்து கத்தினார்.

"கல் கிடந்துச்சு, நின்னேன்," என்றேன். நல்லாயிருக்கிறது என்று நான் ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை.

மாதம் ஒரு தடவை கடை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். வடக்கத்தி வியாபாரிகள், நம் பக்கத்து வேலைக்காரர்கள். அவ்வளவுதான் கொழும்பில் அவருக்குச் சபை. மற்றபடி அவருடைய உலகம் தபாலில் இருந்தது. ஊரில் அவருக்கு ஒரே சினேகிதர், உருது வாத்தியார் அன்வர், புத்தகம் போட்ட அதே அன்வர் சாஹிப். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். மாதாமாதம் நீலக் கடிதம் ஒன்று அன்வருக்குப் போகும்.

அந்த நீலக் கடிதத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்த காலம் ஒன்று உண்டு. வேறு ஒருத்திக்குப் போகிறதோ என்று. அவர் குளிக்கப் போனபோது, கொதிக்கிற சோற்றுப்பானை ஆவியில் பிடித்து ஒட்டைப் பிரித்தேன். உள்ளே இரண்டு இரண்டு வரியாக இருந்தது. கடைசி வரிக்கு நடுவில் ஒரு விரல் அகலம் வெறுமையாக இருந்தது. பெயரை எழுதப் பயப்படுகிற மாதிரியான பெண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சோற்றுப் பருக்கையால் திரும்ப ஒட்டி வைத்தேன்.

பத்து நாள் பொறுத்தேன். பிறகு நோட்டிலும் அதே மாதிரி இடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"இங்க யார் பேரு வரணும்?"

"கவிஞன் பேரு."

"உங்க பேர் இல்லியே?"

"இல்ல," என்றார். நோட்டை மூடினார். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை.

3

படம் போய் இரண்டு வாரத்தில் அன்வர் பாயின் மகன் தன்வீர் கொழும்புக்கு வந்துவிட்டான். நாற்பத்தைந்து வயதிருக்கும். வியாபார விஷயமாக வந்தேன், உங்களையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று, என்றான். அவனுக்குக் கொழும்பில் என்ன வியாபாரம் என்று ஃபாரூக்கிடம் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

நாங்கள் இருப்பது காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், நாலாம் மாடி. லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. மூச்சு வாங்க வந்து நின்றான். ஒரு கையில் மக்கன் பேடா பெட்டி. சர்க்கரை வியாதிக்காரிக்கு மக்கன் பேடா கொண்டுவருகிறவன் என்னைப் பற்றி ஒன்றும் விசாரிக்காமல்தான் வந்திருக்கிறான். இன்னொரு கையில் பெரிய துணிப்பை, மடித்து.

"அஸ்ஸலாமு அலைக்கும் சாச்சி. அப்பா சலாம் சொல்லச் சொன்னாங்க."

"வ அலைக்கும் ஸலாம். உட்காரு. பையில என்ன?"

"ஒண்ணுமில்ல சாச்சி. காலிப் பை."

"அது தெரியுது. அதனாலதான் கேக்கறேன்."

சிரித்தான். பிறகு உருதுவில் பேசத் தொடங்கினான். நான் நிறுத்தினேன். ரிஸ்மாவுக்குப் புரிகிற பாஷையில் பேசு, என் பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டும் என்றேன். ஒரு தாளை எடுத்து நீட்டினான். இங்கிலீஷில் இருந்தது. சும்மா ஒரு கையெழுத்து, நோட்டுகளைப் பத்திரமாக வைக்கத்தான், என்றான். நான் தாளை ரிஸ்மாவிடம் கொடுத்தேன்.

அவள் வாசித்தாள். "தாதிமா, நீங்க விரும்பி கொப்பியள் எல்லாத்தையும் குடுக்கிறீங்க எண்டு இதில கிடக்கு. திருப்பித் தருவினம் எண்டு ஒரு இடத்திலயும் இல்ல."

"சாச்சி, அங்க இருந்தா பாதுகாப்பா இருக்கும். கடல் காத்து, ஈரம்..."

"மூணு வருஷமா இதே கடல் காத்துதான் அடிக்குது. இப்பத்தான் உனக்குத் தெரிஞ்சுதா?"

அவனுக்கு முகம் மாறியது. "சாச்சி, மறைக்காம சொல்றேன். அது எங்க அப்பாவோட கஜல். புக்கு வந்து இருபத்தஞ்சு வருஷமாகுது. ஊர்ல எல்லாருக்கும் மனப்பாடம். எங்க அப்பா கடிதத்துல வந்ததைச் சாச்சா பார்த்து எழுதி வச்சிருப்பாரு. அது தப்புன்னு சொல்லல."

"காப்பியடிச்சார்னு சொல்ற."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்ல வந்தே?"

அலமாரியைத் திறந்து அந்த ஒரு நோட்டை மட்டும் எடுத்துவந்தேன். கையில் கொடுக்கவில்லை. மேசையில் விரித்து ஒரு ஓரத்தை நானே பிடித்துக்கொண்டேன். ஃபாரூக் படம் போட்டது சுத்தமாக எழுதிய பக்கம். அதற்கு முந்தைய பக்கத்தைத் திருப்பினேன். ஒரே கோடு. ஒரு ஷேரை நாலு தடவை எழுதி நாலு தடவை அடித்திருந்தார். ஒரு சொல்லுக்கு மேல் இன்னொரு சொல், அதற்கும் மேல் இன்னொன்று.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா அடிச்சிருக்கிறது கண்ணுக்குத் தெரியுது. பார்த்து எழுதறவன் எதுக்குத் தம்பி இத்தனை தடவை அடிப்பான்?"

தன்வீர் குனிந்து பார்த்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியும். உதடு அசைந்தது. அடித்த வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தான். பிறகு சுத்தமாக எழுதிய பக்கத்துக்குத் திரும்பி, வெறுமையான இடத்தில் விரல் வைத்தான்.

"அந்தக் கடைசி இடம், சாச்சி... பேரை எடுத்துட்டு..."

"எடுக்கறதுக்கு முதல்ல அது அங்க இருந்திருக்கணும். சுரண்டின தடம் இருக்கான்னு பாரு."

இல்லை. ஒரு தடமும் இல்லை. நாளை மறுநாள் வருகிறேன் என்று எழுந்தான். பையை மறக்காமல் எடுத்துக்கொண்டான். அவன் போனதும் ஏழு நோட்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசி வாளிக்குள் வைத்தேன். பூட்டின அலமாரியைத்தான் எவனும் முதலில் உடைப்பான். ராத்திரிச் சோற்றுக்கு அரிசி அள்ளப் போன மருமகள் அலறினாள். "மாமி, இதென்ன, அரிசிக்குள்ள கொப்பி!" வாயை மூடிக்கொண்டு மேலே இருந்து அள்ளு என்றேன். அவளுடைய தம்பியும் வாட்ஸ்அப்பில் இருக்கிறான்.

4

நடுவில் வந்த நாள் எனக்கு விசா நாள். ஐம்பத்தெட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், இன்னும் இந்தியப் பாஸ்போர்ட். வருடா வருடம் விசா கந்தோரில் போய் நிற்க வேண்டும். நம்பர் எடுக்க வேண்டும், ஃபாரம் நிரப்ப வேண்டும், ஃபோட்டோவில் காது தெரிய வேண்டும். முக்காட்டைப் பின்னால் தள்ளு என்பார்கள், ஒரு விரல் அளவு தள்ளுவேன். இன்னும் என்பார்கள். இன்னொரு அரை விரல்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சின்னவள், சிங்களப் பிள்ளை. "அம்மே, தனியத்தான் வந்தீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டாள். ஓம் என்று சொல்ல நினைத்து, வாயில் உருது 'ஹான்' வந்தது. பிறகு 'ஆமா' வந்தது. கடைசியில் 'ஔ' என்றேன், அதுதான் அவளுக்கு வேண்டியது. ஒரு சொல்லுக்கு மூன்று ஊர் சுற்றி வர வேண்டியிருக்கிறது எனக்கு. கணவர் என்ன தொழில் என்று கேட்டாள். மவுத்தானவருக்கு என்ன தொழில்? இருந்தாலும் ஃபாரத்தில் கட்டம் இருக்கிறதே. கவி எழுதுகிறவர் என்றேன். "கவிகாரயெக்த?" கவிஞரா என்று சிரித்துவிட்டு, பழைய ஃபாரத்தைப் பார்த்துக் கட்டத்தில் கிளாக் என்றுதான் எழுதினாள். என்ன எழுதினாய் என்று கேட்டு வாங்கினேன். விட்டிருந்தால் என்ன வேண்டுமானாலும் எழுதியிருப்பாள்.

அங்கே பெஞ்சில் காத்திருந்தபோதுதான் பழைய கணக்கு ஒன்று மனதில் ஓடியது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கப்பல் நின்றுபோன காலம். அவருடைய பாஸ்போர்ட் விசா நீட்டக் கொடுத்து, ஒரு வருடத்துக்கு மேல் கந்தோரில் கிடந்தது. அந்த வருடம்தான் ஊரில் அவருடைய அம்மா படுத்துக்கொண்டார். அவருக்கு இவர் ஒரே பிள்ளை. அன்வர்தான் போய்ப் பார்த்துக்கொண்டார். அவரிடமிருந்து கடிதம் வந்தால் இவர் எனக்குப் பாதி வாசித்துக் காட்டுவார், பாதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அந்தப் பெயரில்லாத கஜல்கள் அந்த வருடத்து நோட்டில்தான் இருக்கின்றன. வீட்டுக்கு வந்ததும் வாளியிலிருந்து எடுத்து எண்ணினேன். எழுத்து தெரியாவிட்டாலும் வெறுமையான இடத்தை எண்ண முடியும். பதினொன்று.

மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'தமிழ்க்காரி' என்பார். கல்யாணத்தன்று என் வீட்டுப் பெண்கள் உருது தெரியாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தபோது, "இவங்களுக்கு இலையிலயே போட்டுடுங்க, தட்டு பழக்கமிருக்காது" என்றார். எங்கள் வீட்டில் பீங்கான் தட்டு இருந்தது.

5

தன்வீர் சொன்னபடி வந்தான், அதே பையோடு. ஃபாரூக்கை வேலைக்குப் போக விடாமல் உட்கார வைத்திருந்தேன்.

"உன் அப்பாவோட பேசணும்," என்றேன். "இப்ப, உன் முன்னாடி, முகம் தெரியற மாதிரி."

"அப்பாவுக்கு உடம்பு சரியில்ல சாச்சி. அந்தப் படம் வந்ததிலேருந்து சரியா சாப்பிடறதுகூட இல்ல."

"எனக்கும் சாப்பாடு இறங்கல. ஃபோனைப் போடு."

அவன் யோசித்தான். ரிஸ்மா யோசிக்கவில்லை, தன் தகப்பன் ஃபாரூக்குடைய ஃபோனை எடுத்து நம்பரைத் தேடிப் போட்டுவிட்டாள்.

அன்வர் பாயை நான் கடைசியாகப் பார்த்தது என் கல்யாணத்தில். ஃபோனில் ஒரு கிழவர் தெரிந்தார், கண்ணாடி மூக்கில் தொங்க. "பாபி," என்று உருதுவில் தொடங்கினார்.

"தமிழ்ல சொல்லுங்க பாய். எல்லாருக்கும் புரியட்டும். அந்தக் கஜல் யாரோடது?"

"வஹாபோடது," என்றார். இழுக்கவில்லை, சுற்றவில்லை. "அது மட்டுமில்ல. என் புக்குல பதினொண்ணு அவனோடது."

தன்வீர் "அப்பா!" என்றான். அவர் மகனைப் பார்க்கவே இல்லை.

"வெள்ளிக்கிழமை தொழுதுட்டு அம்மாவைப் பார்க்கப் போவேன் பாபி. அவங்களுக்குக் கண் போயிடுச்சு, ஞாபகமும் தப்பித் தப்பி வரும். ஒரு நாள் நான் செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டு, 'வஹாப், வந்துட்டியா?'ன்னாங்க. இல்லம்மா, நான் அன்வர்னு சொல்ல எனக்கு வாய் வரல. 'ஜீ அம்மா, வந்துட்டேன்'னேன். கையைப் புடிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டுல நான்தான் வஹாப்."

நான் ஃபோனைக் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"வஹாபுக்கு எழுதினேன். உன் பேரைத் திருடிட்டேன்டா, மன்னிச்சிருன்னு. பதிலுக்கு ஒரு கஜல் வந்துச்சு. கடைசி ஷேர்ல பேர் வர்ற இடம் காலி. கீழ ஒரு வரி எழுதியிருந்தான். 'அங்கே என் பேரை நீ வச்சிருக்கே. இங்கே உன் பேரை வச்சுக்க.' மாசம் ஒண்ணு வந்துச்சு. பதினொரு மாசம். அதுக்கு அடுத்த மாசம் அம்மா போயிட்டாங்க. கபுருல இறக்கினதும் நான்தான்."

"அப்ப முஷாயிராவுல ஏன் உங்க பேர்ல படிச்சீங்க? புக்குல ஏன் போட்டீங்க?"

கண்ணாடியைக் கழற்றினார். "முதல் தடவை அவனுக்காகப் படிச்சேன் பாபி. வாஹ் வாஹ்னாங்க. இரண்டாவது தடவை எனக்காகப் படிச்சேன். வேற காரணம் இல்ல. ஆசைதான்." பிறகு சொன்னார், "இப்ப மேடையில ஏறி எல்லார் முன்னாடியும் திருப்பிக் கொடுத்துடறேன். அதுக்கு அவன் கையெழுத்து வேணும். அதுக்குத்தான் இவனை அனுப்பினேன்."

தன்வீரைப் பார்த்தேன். தலை குனிந்திருந்தான். அவன் வேறு எண்ணத்தோடு வந்தவன் என்று எனக்குத் தெரியும். நோட்டே இல்லாமல் போனால் தகப்பன் பெயர் பிழைக்கும் என்று நினைத்திருப்பான். ஒரு மகன் அப்படி நினைப்பதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். என் மகன் வாசிக்காமலே படம் போட்டவன்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் திருடவில்லை. கொடுத்தார். ஊருக்கே கேட்கும்படி சொல்லலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அன்வர் பாய் அடுத்ததைச் சொல்லும் வரை.

"அம்மா உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருப்பாங்க பாபி. 'தமிழ்க்காரி வரலியா'ன்னு. நான் சொல்வேன், அவங்க வரத் துடிக்கறாங்கம்மா, ரெண்டு பேரு பாஸ்போர்ட்டும் கந்தோர்ல மாட்டிக்கிச்சுன்னு. வஹாப் அப்படித்தான் எழுதியிருந்தான்."

அறையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க அவர்களுக்குக் காரணம் தெரியாது.

"பாய்," என்றேன். "என் பாஸ்போர்ட் மாட்டலை. என் கையிலதான் இருந்துச்சு."

அன்வர் பாய் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஃபோனுக்குக் கிட்டே வந்தார்.

"அவன் அதை எழுதல," என்றார்.

"எழுதமாட்டார்."

6

என் பாஸ்போர்ட் அலமாரியில், கல்யாணப் புடவைக்குக் கீழே இருந்தது. மாமியார் படுப்பதற்கு இரண்டு மாதம் முன்பே விசா குத்தி வந்துவிட்டது. கப்பல் நின்றாலும் விமானம் ஓடியது. என் வீட்டுக்காரர் ஒரு தடவைதான் கேட்டார். "நீயாவது போயிட்டு வாயேன்." பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றேன். பரீட்சை இருந்தது, உண்மைதான். அக்கம்பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது என்பதும் உண்மை. தமிழ்க்காரி கையால் தண்ணீர் குடிக்கட்டுமே என்று யாராவது வந்து என்னிடம் கெஞ்ச வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் கெஞ்சவில்லை. இரண்டாவது தடவை கேட்கவும் இல்லை. மாதம் ஒரு கஜல் எழுதினார், என் எதிரில் உட்கார்ந்து. நான் கல் பொறுக்கினேன். பதினொன்றிலும் என் கை நின்றதா என்று எனக்கு நினைவில்லை.

நான் ஒரு காலத்தில் அந்த நீலக் கடிதங்களைச் சந்தேகப்பட்டேன். அவற்றில் அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

தன்வீரிடம் நோட்டுகளைக் கொடுக்கவில்லை. ரிஸ்மா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினாள். அடித்த பக்கம், அடிக்காத பக்கம், எல்லாம். நோட்டு என்னிடம் இருக்கும். நான் போன பிறகு ரிஸ்மாவிடம் இருக்கும். கிளம்பும் முன் அவனை உட்கார வைத்தேன். இந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் யாருமில்லை, அந்தப் பதினொன்றாவதை வாசித்துவிட்டுப் போ என்றேன். அவன் முஷாயிராவில் வாசிக்கிற மாதிரி இழுத்து வாசித்தான். நடுவில் ஒரு ஷேர் வந்தது:

வாசலில் கேட்கும் காலடி என்னுடையதென்று நம்பித் தூங்கு அம்மா.
வந்தவன் யாரென்று கண் திறந்து பார்க்க வேண்டாம்.

கடைசி ஷேரில் பெயர் வரும் இடத்தில் தன்வீர் நின்றான். என்னைப் பார்த்தான்.

"உன் அப்பா பேரைச் சொல்லிப் படி," என்றேன்.

அந்தக் கதவைத் தொட்ட பாக்கியம் போதும், அன்வர்.
உள்ளே எந்தப் பெயர் சொல்லி அழைத்தால் என்ன?

தன்வீர் நோட்டை மூடி என்னிடம் நீட்டினான். மக்கன் பேடா பெட்டியைத் திறந்து அவனுக்கே ஒன்று கொடுத்தேன்.

ஆகையால் வாணியம்பாடியில் தொகுப்பு அச்சடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது: நாதிரின் கஜல்களை நாதிர் பெயரில் போடுங்கள், ஆறு நோட்டு நிறைய இருக்கிறது. இந்தப் பதினொன்றை அன்வர் பெயரிலேயே போடுங்கள். என் வீட்டுக்காரர் கொடுத்ததைத் திருப்பி வாங்க எனக்கு உரிமை இல்லை. அன்வர் பாய் மேடை ஏறித் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஏறினால் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் பக்கத்துக்குக் கீழே காரணத்தை எழுத வேண்டும். யார் எழுதியது, யார் மகனாகப் போய் நின்றது, மருமகள் என்ன செய்தாள். மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டு அச்சடித்தால் எதையும் அச்சடிக்க வேண்டாம்.

ரிஸ்மா பேனாவை வைத்துவிட்டாள்.

"அது கட்டாயம் வேணுமா தாதிமா? உங்களப் பத்தி ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"நினைக்கட்டும்."

"நான் அத கொஞ்சம் மென்மையா எழுதியிருக்கிறன்."

அதுதான் எனக்குச் சந்தேகம். இந்தப் பிள்ளைக்கும் அவருடைய குணம், பிறரை மறைத்துக் காப்பாற்றுகிற குணம். எடு அம்மா, அந்தப் பாஸ்போர்ட் வருகிற இடத்திலிருந்து வாசி. 'போக முடியவில்லை' என்று எழுதியிருந்தால் மாற்று. 'போகவில்லை' என்று போடு. போட்டாயா? சரி, இப்போது முதலிலிருந்து வாசி, கேட்கிறேன்.